துவர்ப்பு ஆப்பிளும் மண்புழுவும்

கிங்ஸ்டன் பிளாக் என்றொரு ஆப்பிள் இருக்கிறது. பழக்கடைத் தட்டில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சிறிய பழம், கருஞ்சிவப்புத் தோல். ஒரு கடி கடித்தால் முதலில் புளிப்பு. அது அடங்குவதற்குள் நாக்கையும் ஈறையும் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. செங்காய்ப் பருவத்து நாவற்பழத்தைத் தின்று பார்த்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், சாமர்செட், ஹெர்ஃபோர்ட்ஷயர் மாவட்டங்களில், இந்தப் பழத்தைத் தேடிப்போய் வாங்குகிறார்கள். தின்பதற்கு அல்ல, அரைத்துப் பிழிந்து, நொதிக்கவிட்டு, சைடர் என்னும் ஆப்பிள் மதுவாக்குவதற்கு.

நாம் தின்கிற ஆப்பிளும் இந்தச் சைடர் ஆப்பிளும் ஒரே இனம்தான். கஜகஸ்தானின் தியான்ஷான் மலைக்காடுகளில் இன்றும் வளர்கிற மாலஸ் சீவெர்சி என்ற காட்டு ஆப்பிள்தான் இரண்டுக்கும் முதன்மையான மூதாதை. வணிகப் பாதைகள் வழியே மேற்கே வந்தபோது ஐரோப்பாவின் காட்டு ஆப்பிளோடும் அது கலந்தது. தின்பதற்காக மரங்களைத் தேர்ந்தவர்கள் இனிப்பையும் மொறுமொறுப்பையும் தேடினார்கள். சைடருக்காகத் தேர்ந்தவர்கள் துவர்ப்பை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். துவர்ப்பு தருவது டானின் வகைச் சேர்மங்கள், குறிப்பாகப் புரோசயனிடின்கள். இவை எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரளவைக்கின்றன. வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. பச்சையாகக் கடிக்கும்போது தொல்லையாக இருக்கிற இந்தச் சேர்மங்கள்தான் சைடருக்குத் திண்மையையும் நிறத்தையும் கொடுக்கின்றன. அவை இல்லாத சைடர் குடித்த மறுகணம் மறந்துபோகும்.

பிரிஸ்டல் நகருக்கு அருகே லாங் ஆஷ்டனில் 1903-இல் பழத்துக்கும் சைடருக்குமாக ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு இயங்கி 2003-இல் மூடப்பட்டது. அங்கே பணியாற்றிய பேராசிரியர் பார்க்கர் வகுத்த அளவுகோலை இன்றும் சைடர்க்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். சாற்றில் மாலிக் அமிலம் 0.45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் புளிப்பு வகை, டானின் 0.2 விழுக்காட்டைத் தாண்டினால் துவர்ப்பு வகை. இரண்டும் மிகுந்தது கிங்ஸ்டன் பிளாக் போன்ற துவர்ப்புப் புளிப்பு. டானின் மிகுந்து அமிலம் குறைந்தது டாபினெட் போன்ற துவர்ப்பு இனிப்பு. இந்த அளவுகோலில் பழத்தின் பருமனும் நிறமும் தோலின் பளபளப்பும் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுவதும் அதைப் பிடித்துத்தான் போகிறது.

கடைக்குப் போகிற ஆப்பிளில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் தரம் இறங்கிவிடும், விலை சரியும். அந்தப் புள்ளியைத் தடுக்கத்தான் ஆப்பிள் விவசாயி மொட்டு அவிழும் காலம் தொடங்கிப் பல முறை பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார். சைடர் ஆப்பிளோ நேராக அரைவைக்குப் போகிறது. அதன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே வேறெந்த ஆப்பிளையும்விட மருந்தும் உரமும் குறைத்து வளர்க்க ஏற்றது இதுதான். அப்படியிருந்தும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடப்பட்ட பெரிய சைடர்த் தோப்புகள் பல தின்பழத் தோப்புகளின் வழியிலேயே போயின: நெருக்கமான வரிசைகளில் குட்டை மரங்கள், மரத்தடியில் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்கிய மண்பட்டை, பையிலிருந்து வரும் தழைச்சத்து, நாட்காட்டிப்படி மருந்து. சீக்கிரம் காய்க்க வேண்டும், இயந்திரத்தால் அறுவடை செய்ய வேண்டும், ஆலைக்குக் கணக்காகப் பழம் போய்ச்சேர வேண்டும் என்ற தேவை இருந்தது. அந்தத் தேவைக்கு அது சரியான விடைதான். இப்போது அதே மண்ணில் வேறு கேள்வியைக் கேட்கிறார்கள்.

மண்ணை மீட்டெடுக்கும் வேளாண்மை என்ற எண்ணம் 1980-களில் அமெரிக்காவின் ராபர்ட் ரோடேல் வழியாகப் பரவலாயிற்று. மண்ணைக் கிளறாதே, மூடிவை, ஆண்டு முழுவதும் அதில் உயிருள்ள வேர் இருக்கட்டும், கால்நடையை உள்ளே விடு என்பவை அதன் அடிப்படைகள். உழுது விதைக்கும் நிலத்தில் இவை பெரிய மாற்றங்கள். பழத்தோப்பில் பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது. மரம் எப்படியும் பல பத்தாண்டுகள் அங்கேயே நிற்கப்போகிறது. அதனால் தோப்பில் கேள்வி சுருங்கி ஓர் இடத்துக்கு வந்துவிடுகிறது: மரத்தடியில், உதிர்ந்த இலைக்கும் புல்லுக்கும் வேருக்கும் நடுவே என்ன நடக்கிறது?

இலையிலிருந்தே தொடங்கலாம். ஆப்பிளின் பெரிய பகை வெஞ்சூரியா இனீக்வாலிஸ் என்ற பூஞ்சை. இலையிலும் காயிலும் ஆலிவ் பச்சை கலந்த கரும் சொறியாக வருவதால் சொறிநோய் என்பார்கள். இந்தப் பூஞ்சை குளிர்காலத்தை மரத்தில் கழிப்பதில்லை; பெரும்பாலும் தரையில் உதிர்ந்து கிடக்கும் இலைக்குள்தான் கழிக்கிறது. பனிக்காலம் முழுவதும் செத்த இலைக்குள் ஊசிமுனையளவுக் குடுவைகளாக வளர்கிறது. வசந்தத்தில் மழை நனைத்ததும் அந்தக் குடுவைகள் வித்துகளைக் காற்றில் பீய்ச்சியடிக்கின்றன. மேலே அப்போதுதான் இளந்தளிர் விட்டிருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மில்ஸ் 1940-களில் வகுத்த அட்டவணைப்படி, இதமான வெப்பநிலையில் தளிர் தொடர்ந்து ஒன்பது மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும், வித்து முளைத்து உள்ளே நுழைந்துவிடும். குளிர் மிகுந்த நாளில் அதற்கு ஒரு முழு நாளோ அதற்கு மேலோ வேண்டும். உலகின் பல ஆப்பிள் தோப்புகளில் எப்போது மருந்தடிப்பது என்று முடிவு செய்யும் கணிப்பு முறைகள் இந்த அட்டவணையிலிருந்து வளர்ந்தவையே.

தளிரைக் காப்பது ஒரு வழி. இலையே வசந்தம்வரை மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. அந்த வேலையைச் செய்ய ஓர் உயிர் இருக்கிறது. லும்பிரிகஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற பெரிய மண்புழு மண்ணுக்குள் செங்குத்தாக வளை தோண்டி வாழ்வது. ஈரமான இலையுதிர்கால இரவில் கைவிளக்கின் சிவப்பு ஒளியில் தோப்புத் தரையைப் பார்த்தால் இது வேலை செய்வது தெரியும். வால் வளைக்குள் ஊன்றியிருக்கும். முன்னுடல் மட்டும் வெளியே நீண்டு தரையைத் துழாவும். ஓர் இலையின் நுனி தட்டுப்பட்டதும் வாயால் கவ்வி உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சுருக்கி இழுக்கும். இலை சரசரவென்று நகர்ந்து வளையின் வாயில் சுருண்டு சொருகிக்கொள்ளும். டார்வின் தம் கடைசி நூலை 1881-இல் மண்புழுக்களைப் பற்றித்தான் எழுதினார். புழுக்கள் பெரும்பாலும் இலையின் கூர்மையான நுனியைப் பிடித்தே இழுக்கின்றன என்று அதில் பொறுமையாக எண்ணிக் காட்டியிருக்கிறார். பிரிட்டனின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ரா 1960-களின் தொடக்கத்தில் ஆப்பிள் தோப்பில் அளந்து பார்த்தார். உதிர்ந்த இலைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அந்தக் குளிர்காலத்துக்குள்ளேயே மண்புழுக்கள் உள்ளே இழுத்துவிட்டன. மண்ணுக்குள் போன இலையிலிருந்து சொறி வித்து காற்றுக்கு வர முடியாது.

இங்கே ஒரு கொடுமையான சுழல் இருக்கிறது. சொறிநோய்க்கு மிகப் பழைய மருந்துகளில் ஒன்று தாமிரம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. தாமிரம் சிதைவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மண்புழுவுக்கு அது நஞ்சு. பல்லாண்டு தாமிரம் தெளித்த இங்கிலாந்துத் தோப்புகள் சிலவற்றில் மண்புழுக்களே இல்லாமல் போய், மட்காத இலைகள் தரையில் கம்பளம்போல் படிந்து கிடந்ததை அதே காலத்து ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 1970-களில் பரவலாகப் பயன்பட்ட பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லியும் இப்படியே. பூஞ்சையைக் கொன்றது, அந்தப் பூஞ்சை தங்கும் இலையைப் புதைக்கிற புழுவையும் கொன்றது. இலை மிஞ்சியது, நோய் மிஞ்சியது, அடுத்த ஆண்டு மருந்து தேவைப்பட்டது. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற தோப்புகளிலும் ஐரோப்பிய ஒன்றியம் தாமிரத்தை அனுமதிக்கிறது. ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் கூடாது என்பது வரம்பு. என்னைக் கேட்டால், சைடர்த் தோப்பில் அந்த வரம்பை நெருங்கவே தேவையில்லை. சொறி விழுந்த பழத்தையும் அரைக்கலாம். இலையெல்லாம் உதிர்ந்து மரம் நலிகிற அளவுக்குப் போகாமல், தோல் வெடித்து அழுகல் நுழைகிற அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த இடைவெளிதான் சைடர் விவசாயிக்குக் கிடைத்த பெருஞ்சலுகை.

அழுகல் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அழகில்லாத பழம் வேறு, கெட்ட பழம் வேறு. நீலப்பூசணம் பிடித்து அழுகிய ஆப்பிளில் பாட்டுலின் என்ற நஞ்சு உண்டாகும்; ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது. நொதிக்கும்போது ஈஸ்ட் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது. அதை நம்பி அழுகலை உள்ளே போடுவது தவறு. பொறுக்கும் கைகள் அங்கே அவசியம்.

இனி மண்ணிலிருந்து பீப்பாய்க்குப் போவோம். இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் நிலத்தில் செய்கிற ஒரு சிக்கனம் கோப்பையில் சுவையாக வந்து நிற்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை மட்டும் போதாது. உடம்பைப் பெருக்க அதற்குத் தழைச்சத்தும் வேண்டும். சாற்றில் கரைந்திருக்கும் அமினோ அமிலங்களிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. திராட்சைச் சாற்றோடு ஒப்பிட்டால் ஆப்பிள் சாற்றில் தழைச்சத்து பொதுவாகவே குறைவு. உரமிடாத முதிர்ந்த மரத்தின் சாற்றில் மிகமிகக் குறைவு. மரத்துக்கு யூரியா போட்டால் காய் பெருக்கும். சாற்றில் தழைச்சத்து ஏறும். ஈஸ்ட் வெறிகொண்டு பெருகிச் சில வாரங்களில் சர்க்கரையைத் துடைத்தெடுத்துவிடும். மணப்பொருள்கள் கொதிப்போடு சேர்ந்து பறந்துவிடும். லாங் ஆஷ்டனில் ஆண்ட்ரூ லீயும் பீச்சும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது: தழையுரம் பெற்ற மரங்களின் பழத்தில் டானின் வகைச் சேர்மங்களும் குறைந்தன. ஆக, உரம் இரண்டு முனையிலும் சைடரைத் தாக்குகிறது. துவர்ப்பைக் குறைக்கிறது, நொதித்தலை விரட்டுகிறது.

பிரான்சின் நார்மண்டியில் சாற்றின் இந்தத் தழைச்சத்து ஏழ்மையையே கலையாக்கியிருக்கிறார்கள். அங்கே பழைய தோப்புகள் மேய்ச்சல் நிலங்களும்கூட. உயர்ந்த அடிமரம் கொண்ட ஆப்பிள் மரங்கள் அகல இடைவெளியில் நிற்கும். அடியில் பசுக்கள் மேயும். இலையுதிர்காலத்துக் கடைசியில் துவர்ப்புப் பழங்களை அரைத்து, அரைத்த விழுதைச் சில மணி நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுப் பிழிவார்கள். அந்த நேரத்தில் பெக்டின் சாற்றில் இறங்குகிறது. பெக்டின் என்பது ஜாமைக் கெட்டியாக்குகிற அதே பொருள். பழத்திலேயே உள்ள ஒரு நொதி அதைப் பெக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அது கால்சியத்தோடு பிணைந்து கூழாகத் திரள்கிறது. பீப்பாய் குளிர்ந்த அறையில் அசையாமல் இருக்கும். நொதித்தல் மெல்லத் தொடங்குகிறபோது எழும் சிறுசிறு குமிழிகள் அந்தக் கூழைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். சில நாட்களில் மேற்பரப்பில் பழுப்பு நிறத்தில் தடித்த ஆடை கட்டிவிடும். நார்மண்டியில் அதைப் பழுப்புத் தொப்பி என்பார்கள். அடியிலே கொஞ்சம் வண்டல். நடுவிலே கண்ணாடிபோல் தெளிந்த சாறு. அந்த நடுச்சாற்றை மட்டும் ஆடையும் வண்டலும் கலங்காமல் வேறு பீப்பாய்க்கு இறக்குவார்கள். கூழ் மேலேறும்போது ஈஸ்ட்டையும் அதற்கான சத்துகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருக்கும். மிஞ்சிய ஈஸ்ட் அரைப்பட்டினியில் மாதக்கணக்காக மெல்ல நொதிக்கும்; சர்க்கரை தீர்வதற்கு முன்பே களைத்து நின்றுவிடும். சர்க்கரை எதுவும் சேர்க்காமல், கிருமிநீக்கம் எதுவும் செய்யாமல், பழத்தின் சொந்த இனிப்பு மிஞ்சிய சைடர் கிடைக்கிறது. தழைச்சத்து மிகுந்த சாற்றில் இந்த முறையை முயன்றால் தொப்பி கட்டுவதற்கு முன்பே சாறு பொங்கி எழுந்துவிடும்.

இதனாலேயே, மண் மீட்பு வேளாண்மையின் பொது அறிவுரைகளைச் சைடர்த் தோப்பில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. தழைச்சத்துக்காகக் குளோவர் போன்ற பயறுவகைச் செடிகளை எங்கும் விதைக்கச் சொல்கிறார்கள். தானிய வயலுக்கு அது நல்லது. சைடர்த் தோப்பில் குளோவர் மண்டினால் யூரியா போட்ட விளைவையே அது பின்வாசல் வழியாகக் கொண்டுவரும். புல் மிகுந்து, குளோவர் ஆங்காங்கே தலைகாட்டுகிற தரைதான் இதற்கு வேண்டியது. புல் மரத்தோடு தழைச்சத்துக்குப் போட்டி போடும். தின்பழ விவசாயிக்கு அது நட்டம். சைடர்க்காரருக்கு அதுவே துணை. ஆனால் இளங்கன்றுக்கு இந்தப் போட்டி ஆகாது. நட்ட முதல் சில ஆண்டுகளில் கன்றைச் சுற்றிப் புல்லை அகற்றி, மரச்சில்லுகளால் கனமான மூடாக்குப் போடவேண்டும். இல்லையென்றால் மரம் எழும்பாது.

மூடாக்குக்கு எந்த மரம் என்பதிலும் நுணுக்கம் உண்டு. கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் ஜில் லெமியூ குழுவினர் 1970-களின் இறுதியிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். ஏழு சென்டிமீட்டருக்குக் குறைந்த குறுக்களவுள்ள இளங்கிளைகளின் சில்லு, தடித்த அடிமரத்தின் சில்லிலிருந்து வேறுபட்டது என்பது அவர்கள் கருத்து. இளங்கிளையில் பட்டையும் வளர்திசுவும் மிகுதி. சத்து அங்கேதான் இருக்கிறது. மர வைரம் குறைவு. அதைச் சிதைக்க வருபவை முக்கியமாகப் பூஞ்சைகள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் தோப்பு வைத்திருந்த மைக்கேல் பிலிப்ஸ் இந்தச் சிந்தனையை ஆப்பிள் விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தார்; 2022-இல் இறக்கும்வரை எழுதியும் பேசியும் வந்தார். காடு பூஞ்சையை நம்பி வாழ்வது, ஆப்பிளும் அடிப்படையில் காட்டோர மரம்தான் என்பது அவர் வாதம். வேரைப் பார்த்தால் அது புரியும். ஆப்பிளின் உறிஞ்சுவேர்கள் மண்ணில் அடர்த்தியாகப் பரவுவதில்லை, வேர்த்தூவிகளும் குறைவு. வேருக்குள் குடியேறி வெளியே நூலிழைகளைப் பரப்புகிற வேர்ப்பூஞ்சைகள்தான் எட்டாத இடத்து மணிச்சத்தை மரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கரையும் பாஸ்பேட் உரத்தை அள்ளிக் கொட்டினால் மரம் இந்தக் கூட்டாளிக்கு இடம் கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. கவாத்து செய்த கிளைகளைத் தோப்பிலேயே சில்லாக்கிப் போடுவது நல்ல வழக்கம். ஒரு விதிவிலக்கு: புற்றுப்போல் பட்டை வெடித்த கிளைகளில் நோய்ப்பூஞ்சை இருக்கும். அவற்றை எரித்துவிடுவதே மேல்.

தரையில் பூச்செடிகளை விட்டுவைப்பதன் பலனைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆப்பிள் பூப்பது மே மாதத்தை ஒட்டிய சில வாரங்கள்தான். மண்ணில் வளை தோண்டித் தனித்து வாழும் தேனீக்கள் அந்தக் குளிரிலும் வேலை செய்யும். ஆப்பிள் பூப்பதற்கு முன்னும் பின்னும் அவற்றுக்கு உணவு வேண்டும் என்பதால் தரைப்பூக்கள் தேவை. பறவைகளும் அப்படியே. நெதர்லாந்தில் மோல்ஸ், விஸ்ஸர் இருவரும் ஆப்பிள் தோப்பில் கூட்டுப் பெட்டிகள் வைத்துச் சிட்டுகளைக் குடியேற்றினார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில் கம்பளிப்புழுச் சேதம் குறைந்தது; மரத்துக்கு 4.7 கிலோவாக இருந்த விளைச்சல் 7.8 கிலோவாயிற்று.

ஆனால் தரையில் எது முளைத்தாலும் நன்மையே என்று எண்ணிவிடக் கூடாது. ஆப்பிளில் இலையைச் சுருட்டிப் பிஞ்சைக் குட்டையாக்கும் ஒரு சாம்பல்கலந்த இளஞ்சிவப்பு அசுவினி இருக்கிறது. கோடையில் அது ஆப்பிளை விட்டு இறங்கிப்போய் பிளாண்டாகோ என்ற தரைச்செடியில் தங்கும். இலையுதிர்காலத்தில் மரத்துக்குத் திரும்பி முட்டையிடும். நம் வீடுகளில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற இசப்கோல் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆட்டுக்கு நல்ல தீவனம், ஆழவேர் விடும் என்று இதே செடியைப் புல்தரைக் கலவையில் சேர்க்கச் சொல்லும் பட்டியல்கள் பல உண்டு. மேய்ச்சல் நிலத்துக்கு எழுதிய பட்டியலைத் தோப்புக்கு எடுத்து வந்தால் அசுவினிக்கு நாமே கோடைவீடு கட்டிக்கொடுத்ததாகிவிடும்.

ஆடு என்றதும் ஷ்ராப்ஷயர் என்ற செம்மறி இனம் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலான ஆடுகள் மரப்பட்டையை உரித்துத் தின்றுவிடும். ஷ்ராப்ஷயர் ஆடுகள் அந்தக் கெட்ட பழக்கம் மிகக் குறைந்தவை என்று பெயர் வாங்கியவை. புல்லை மேய்ந்து களைக்கொல்லிக்கும் அறுப்பு இயந்திரத்துக்கும் வேலை இல்லாமல் செய்கின்றன. அறுவடைக்குப் பிறகு உள்ளே விட்டால் உதிர்ந்த இலையையும் மிச்சப் பழத்தையும் தின்று, மண்புழுவின் வேலையில் பங்கெடுத்துக்கொள்கின்றன. அவற்றின் உடலும் தாமிரத்தைத் தாங்காது. ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் கொன்றுவிடும். அதனால் ஆடு மேயும் தோப்பில் தாமிரம் தெளிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மண்புழுவும் ஆடும் ஒரே நஞ்சுக்கு அஞ்சுகின்றன.

ஆட்டின் வரவுக்கு ஒரு கடுமையான நிபந்தனையும் உண்டு. சைடர் ஆப்பிளை மரத்திலிருந்து பறிப்பதில்லை. பழுத்துத் தானே விழவிடுவார்கள். அல்லது நுனியில் கொக்கி வைத்த நீண்ட கம்பால் கிளையைப் பிடித்து உலுக்கிப் புல்மேல் விழச்செய்து வாரியெடுப்பார்கள். ஆடு மாடுகளின் குடலில் ஈ.கோலை ஓ157 என்ற கொடிய பாக்டீரியா இருக்கலாம். அது அமிலத்தைத் தாங்கும். ஆப்பிள் சாற்றில் பிழைத்திருக்கும். 1996-இல் அமெரிக்காவில் சூடாக்காமல் விற்ற ஆப்பிள் சாற்றால் பலர் நோயுற்று ஒரு குழந்தை இறந்த பிறகு, இதை யாரும் அலட்சியம் செய்வதில்லை. பிரிட்டனில் அறுவடைக்கு 56 நாட்களுக்கு முன்பே கால்நடையைத் தோப்பிலிருந்து வெளியேற்றிவிட வேண்டும் என்பது சைடர்த் தொழிலில் வழக்கமாகப் பின்பற்றும் கெடு. அக்டோபர் நடுவில் பழம் பொறுக்கப்போகிறவர் ஆகஸ்ட் 20-ஆம் தேதி வாக்கிலேயே கிடையைக் கலைத்தே ஆகவேண்டும்.

பழம் விழுந்ததும் அரைப்பதில்லை. சில நாட்களோ வாரங்களோ குவித்துவைத்துக் கனியவிடுவார்கள். எப்போது அரைக்கலாம் என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பழத்தைக் குறுக்கே வெட்டி வெட்டுமுகத்தில் அயோடின் கரைசலைத் தடவுவார்கள். மாவுச்சத்து மிஞ்சியிருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். விதைப்பக்கத்திலிருந்து வெளிநோக்கி வெண்மை படர்ந்து, தோலோரத்தில் மட்டும் நீலக்கோடு மிஞ்சினாலோ அதுவும் மறைந்தாலோ மாவு சர்க்கரையாகிவிட்டது என்று பொருள். பெருவிரலால் அழுத்தினால் தோல் லேசாகக் குழிவதைக்கொண்டே கண்டுபிடித்துவிடும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் தாங்க எந்த மரம் வேண்டும் என்பது நடும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆப்பிள் விதை தாயைப்போல் முளைக்காது. ஒவ்வொரு விதையும் ஒரு புது மரம். டாபினெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமர்செட்டில் ஒரு வேலியோரத்தில் தானாக முளைத்து நின்ற மரம். அதன் ஒவ்வொரு வழித்தோன்றலும் ஒட்டுக்கட்டிப் பெருக்கியதுதான். ஒட்டின் அடியில் இருக்கும் வேர்ச்செடிதான் மரத்தின் உயரத்தையும் வேரின் ஆழத்தையும் முடிவு செய்கிறது. கென்ட் மாவட்டத்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் இவற்றைத் தரம்பிரித்து எண்ணிட்டது. எம்9 என்பது குட்டை. சீக்கிரம் காய்க்கும், வேர் பலமற்றது. வாழ்நாள் முழுவதும் முட்டுக்கழியும், புல் இல்லாத தரையும் கேட்கும். எம்25 பெருமரம், புல்லோடு போட்டியிட்டு ஜெயிக்கும், கிளைகள் ஆட்டுக்கு எட்டாது. முழு விளைச்சலுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருக்கவேண்டும். மண்ணைக் காக்கும் முறைக்கு எம்25 தான் இயல்பான துணை. கடன் வாங்கி நடுகிறவருக்கு எம்9 தான் கட்டுப்படியாகும். இந்த முரண்பாட்டை மண் அறிவியல் மட்டும் தீர்த்துவைக்காது.

பிரிட்டனின் வரிச்சட்டப்படி ஒரு பானம் சைடர் என்று பெயர் பெற அதில் 35 விழுக்காடு ஆப்பிள் சாறு இருந்தால் போதும். அது அடர்சாற்றிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். மீதி சர்க்கரையும் தண்ணீரும். அப்படிச் செய்கிற பெரிய ஆலைக்குத் துவர்ப்போ தோப்பின் பெயரோ தேவையில்லை. டன் கணக்குத்தான் தேவை. அந்தக் கணக்கு மாறியபோது ஒப்பந்தங்கள் முடிந்து, அண்மை ஆண்டுகளில் நல்ல மரங்கள் நின்ற தோப்புகள் வேரோடு பிடுங்கப்பட்டன. தோப்பு கரிமத்தைச் சேமிக்கிறது என்ற வாதத்தைக் காட்டி இவற்றைக் காப்பாற்றலாம் என்று சிலர் நம்புகிறார்கள். மரமும் புல்தரையும் கரிமத்தைப் பிடித்துவைப்பது உண்மைதான். ஆனால் மண் ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும். தோப்பைப் பிடுங்கினால் சேர்த்ததில் பெரும்பகுதி போய்விடும். முழுச்சாறும் தன் தோப்புப் பழமுமாகச் சைடர் செய்து, அதற்குரிய விலையைக் கேட்கிற சிறு தயாரிப்பாளர்கள்தான் இந்த மரங்களுக்கு உறுதியான ஆதரவு என்று நான் நினைக்கிறேன். அவர்களுக்குத்தான் துவர்ப்பு வேண்டும். ஆகவே அவர்களுக்குத்தான் மெலிந்த மண் வேண்டும்.

ஏற்கெனவே குட்டை மரங்களை வரிசையில் நட்டு வைத்திருப்பவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. தாழ்ந்த கிளைகளை ஆட்டுக்கு எட்டாத உயரம்வரை கழித்துவிடலாம். களைக்கொல்லிப் பட்டையைச் சில வரிசைகளில் மட்டும் முதலில் புல்லுக்கு விட்டுக்கொடுத்து மரம் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கலாம். இலையுதிர்ந்தபின் இலைகளைப் பொடியாக அரைத்துவிட்டால், மண்புழுக்கள் பெருகும்வரை சொறி வித்துகளைக் குறைக்க அது உதவும். உரத்தைப் பொறுத்தவரை, கோடையில் இலையைச் சோதனைக்கு அனுப்பி அதன் தழைச்சத்தையும், அறுவடையில் சாற்றின் தழைச்சத்தையும் அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். இலை வெளிறி, ஆண்டுத் தளிர் விரலளவுக்கு மேல் நீளாமல் போனால் மரத்துக்குக் கொஞ்சம் மட்கு தேவை. இலை நன்றாக இருந்து சாற்றில் மட்டும் தழைச்சத்து குறைந்திருந்தால் உரமூட்டையைப் பிரிக்க வேண்டாம். பீப்பாயைக் குளிர்ந்த மூலைக்கு நகர்த்தினால் போதும்.